பருத்திக் கிடங்குத் தீயின் சாட்சியம்

பணியில் இறந்த தீயணைப்பு வீரரின் குடும்பத்துக்கு ஓய்வூதியம் கிடைக்க வேண்டுமானால், அவரைக் கொன்ற தீ நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். நல்லமங்கலம் பணியிடர் ஓய்வூதிய அலுவலகத்தின் வாசலில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தீ ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

இந்த விதியால் தங்கள் வேலையை முழுமையாகச் செய்தவர்களின் குடும்பங்கள்தான் சிரமப்பட்டன. தீயை ஒட்ட அணைத்துவிட்டுச் செத்தவருக்குச் சாட்சி கிடையாது. அதனால் நிலையத்துக் குடியிருப்பில், மணி அடித்து வண்டி கிளம்பும்போது பெண்கள் ஜன்னல் வழியாக, "கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சத்தம் கொடுப்பது வழக்கம். ஆண்களும் மூலையில் ஒரு கங்கு நெருப்பை விட்டுவிட்டு வருவார்கள். பரமகுரு மட்டும் அப்படி விட்டதில்லை. "அரைகுறையா அணைக்கிறதுக்கு எதுக்கு வண்டில ஏறிப் போகணும்?" என்பார். அவர் சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு இரண்டாக விழுந்தால்கூட அதைப் போடாமல் திருப்பி அனுப்புகிற மனிதர். தவமணி அவருக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட ஜன்னலுக்குப் போய்ச் சத்தம் கொடுக்கவில்லை. கொடுத்தும் பயனிருந்திருக்காது.

பருத்திக் கிடங்கு எரிந்த மாலையில் பரமகுருவோடு குழாய் பிடித்தவர் முத்துக்குட்டி. ஆறு மணிக்குப் பணி நேரம் முடிந்தது. அடுத்த குழு வாசலில் வந்து நின்றது. முத்துக்குட்டி வெளியே வந்தார். பரமகுரு வரவில்லை. ஆறு பத்துக்குக் கூரை இறங்கியது. முத்துக்குட்டி பொய் எழுதத் தெரியாதவர்; தன் அறிக்கையில் இதை அப்படியே எழுதிக் கொடுத்தார். அலுவலகம் அதை வாசித்துவிட்டு, "பணி நேரம் முடிந்த பின் இறந்தவர் சொந்த விருப்பத்தின் பேரில் தீக்குள் நின்றதாகத் தெரிகிறது" என்று கோப்பில் ஒரு வரி எழுதியது. மூன்று வருடத்துக்குள் தீ ஆஜராகி இதை மறுக்காவிட்டால் கோப்பு மூடப்படும். ஓய்வூதியம் கிடையாது. குடியிருப்பு வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

வீடு போவதைக்கூடத் தவமணி பொறுத்துக்கொள்வாள். சொந்த விருப்பம் என்ற அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அவரும் தானும் அன்றைக்கு இரவுக்குத் தேங்காய்ச் சட்னியா, புளிச் சட்னியா என்று பேசி முடிவு செய்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு யாராவது விரும்பி நிற்பார்களா?

அவள் தீயைத் தேடினாள். தையல் கடையில் புடவைக்கு ஓரம் அடிக்கும் வேலை முடிந்ததும், டீக்கடை அடுப்பு, கொல்லுப் பட்டறை, செங்கல் சூளை என்று ஒவ்வொன்றாகப் போய் விசாரித்தாள். விசிறினால் தீ பேசும்; கேட்டதற்குப் பதில் சொல்லும்; பொய் சொல்லாது. பட்டறைத் தீ தான் தீப்பெட்டியிலிருந்து வந்ததாகச் சொன்னது. சூளைத் தீக்குப் பக்கத்து ஊர். கல்யாண மண்டபத்துச் சமையல் தீ அடிக்கடி இடம் மாறுவதால் தன் பிறப்பு தனக்கே நினைவில்லை என்று வருத்தப்பட்டது. இப்படி மூன்று வருடம் ஓடி, கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, தன் தெருமுனையிலேயே அதைக் கண்டுபிடித்தாள்.

அது சங்கிலியின் இஸ்திரிப் பெட்டிக்குள் இருந்தது. குடியிருப்புக்கு எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர் சங்கிலி. தவமணி தையல் கடைப் புடவைகளை அவரிடம் கொடுத்துவிட்டு நின்றிருந்தாள். அவர் பெட்டியைத் திறந்து அட்டையால் விசிறினார். அவள் பழக்கத்தில், யாரையும் பார்க்காமல், "பருத்திக் கிடங்கா?" என்றாள்.

"ஆமா" என்றது தீ.

சங்கிலி விசிறுவதை நிறுத்தவில்லை. "எரிஞ்ச மறுநாள் காலைல அந்தப் பக்கமாத்தான் வந்தேன், தாயி. வாசல் நிலையில, அடியில, ரெண்டு கங்கு கிடந்துச்சு. ஒரு தீக்குச்சி மிச்சம்னு இடுக்கியால எடுத்துப் போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் அணையவிடல. ராத்திரிக்குச் சாம்பல்ல மூடி வப்பேன். நல்ல தீ. ஒரு துணியக் கருக்குனதில்ல."

"எங்கிட்டச் சொல்லலியே அண்ணாச்சி."

"நீ கேக்கலியே தாயி."

அது உண்மைதான். அவள் ஊரெல்லாம் கேட்டாள், தெருமுனையில் கேட்கவில்லை.

தீ கரிக்குள் கொஞ்சம் பதுங்கியது. பிறகு, "அந்தம்மா என்னை ஏசுவாங்களோ?" என்று சங்கிலியிடம் கேட்டது.

தவமணி அட்டையை அவர் கையிலிருந்து வாங்கித் தானே விசிறினாள். "ஏச மாட்டேன். நாளைக்கு ஆபீசுக்கு வந்து உள்ளதைச் சொல்லு. அது போதும்."

"வர்றேன்" என்றது தீ.

வெள்ளிக்கிழமை காலை சங்கிலி மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கடைக்கு விடுமுறை விட்டார். அலுவலகத்துக்குப் போகும் முன் தீயைத் தீயணைப்பு நிலையத்தில் காட்டி, இதே தீதான் என்று நிலைய அலுவலரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சங்கிலி சிரட்டைக் கரி போட்டு நிரப்பிய பெட்டியைத் தவமணியிடம் கொடுத்துவிட்டு, நிலையத்துக்குள் புகைக்கக் கூடாதே என்று வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நிலைய அலுவலர் ஜெரால்டு படிவத்தை இரண்டு முறை படித்தார். "நல்லது மதினி. மூடியத் திறங்க, பாத்துருவோம்" என்றார். முத்துக்குட்டியும் இன்னும் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். முத்துக்குட்டி முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவள் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. "இனி ஒண்ணுமில்ல மதினி. சாட்சி வந்துருச்சுல்லா" என்றார்.

தவமணி மூடியைத் திறந்தாள். ஒரு சிறு கங்கு தெறித்துத் தரையில் விழுந்தது.

முத்துக்குட்டியின் கை மணல் வாளிக்குப் போனது. மனம் பின்னால்தான் வந்தது. அவர் தரையில் மணலைக் கொட்டி, அதே வீச்சில் பெட்டிக்குள்ளும் கொட்டினார். இரண்டாவது ஆள் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். மூன்றாவது ஆள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நான்காவது ஆள் சாக்கைத் தூக்கி, புறங்கையை வைத்துச் சூடு பார்த்து, "முழுசா அணஞ்சிருச்சு சார்" என்றார். ஜெரால்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிகழ்வுப் பதிவேட்டில் நேரத்தை எழுதினார். மொத்தம் பன்னிரண்டு விநாடி. அந்த வருடத்தில் அதுதான் அவர்களுடைய சிறந்த நேரம்.

பெட்டியின் ஓரத்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது. முத்துக்குட்டி வாளியைக் கீழே வைக்காமல் நின்றார். வைத்தால் கை சும்மா ஆகிவிடும் என்பதுபோல் அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மதினி" என்றார்.

தவமணிக்கு அழுகை வரவில்லை. வீட்டில் எந்தச் சாமானை முதலில் கட்டுவது என்று யோசனை ஓடியது. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே, வேப்பமரத்தடியில், சங்கிலியின் தலைக்கு மேல் மெல்லிசாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

அவள் ஓடினாள். "அண்ணாச்சி, அந்தப் பீடிய எதுல பத்த வச்சீங்க?"

"பெட்டியிலதான் தாயி. வேற எதுல? எதுக்குத் தீக்குச்சிய வீணாக்கிட்டு?"

"இழுக்காதீங்க! தீந்துரும்." உடனே அவளுக்கு இன்னொன்று தோன்றியது. "இல்ல, இழுங்க. அணஞ்சிரும்."

சங்கிலி இழுத்தார். நுனி சிவந்தது. "என்ன நடந்துச்சு?" என்று மிகச் சன்னமாகக் கேட்டது தீ.

எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பீடியில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. கரியில் பற்றவைத்துவிடலாம் என்றார் ஒருவர். சங்கிலி தலையாட்டி மறுத்தார். இவ்வளவு இளைத்துப்போன தீயைக் கரிக்கு மாற்றினால் தாங்காது. கொஞ்ச நேரம் பீடியிலேயே வைத்துத் தேற்ற வேண்டும். அவரிடம் இன்னும் நான்கு பீடி இருந்தது. ஓய்வூதிய அலுவலகத்தில் சாட்சிகளைக் கூப்பிட மதியம் ஆகும். ஜெரால்டு உள்ளே போய், தன் மேசையின் அடி அறையிலிருந்து ஒரு முழுக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் சங்கிலியின் வாயிலிருந்த பீடியின் நுனியைக் குனிந்து உற்றுப் பார்த்தார். "இதே தீதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்படியாக, நல்லமங்கலம் தீயணைப்பு வீரர்கள் அன்று ஒரு தீயைக் காப்பாற்றினார்கள். பழைய பீடியிலிருந்து புதிய பீடிக்கு, ஆள் மாற்றி ஆள் மாற்றி. காற்று அடித்த பக்கம் இரண்டு பேர் முதுகைக் காட்டி மறைத்து நின்றார்கள். குழாய்க்கு முறை போடும் அட்டவணையிலேயே இதற்கும் முறை போட்டார்கள். சங்கிலி மேற்பார்வை செய்தார். "இப்படியா இழுக்கது? பீடிய ஊதுத மாதிரில்லா இருக்கு. கல்யாண வீட்ல நாயனம் வாசிக்கப் போயிருக்கணும்வே நீரு" என்று ஒருவரை ஏசினார்.

ஒன்றரை மணிக்குத் தவமணி, சங்கிலியோடு ஜெரால்டும் முத்துக்குட்டியும் வண்டியில் ஏறினார்கள். காற்று படாமல் சங்கிலியை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்கள். முத்துக்குட்டி ஓட்டினார். மணி அடித்தது. தெருவில் பேருந்துகள் ஒதுங்கின. எங்கே தீ என்று ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். தீயோடு போவது அந்த வண்டிக்கு முதல் முறை. அது எப்போதும் போலவே ஓடியது.

அலுவலகக் கூடத்தில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. அதன் ஒரு முனையில் பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சங்கிலி பீடியோடு வந்ததும் குடத்து நீர் லேசாகத் தளும்பியது. அவள் குடத்தின் வாயைக் கையால் மூடி, அதைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றினாள்.

"உங்களுக்கு எது?" என்று தவமணியிடம் கேட்டாள்.

"பருத்திக் கிடங்கு. உங்களுக்கு?"

"ஆடி மாசத்து வெள்ளம். எங்க வீட்டுக்காரர் போலீஸ்ல இருந்தாரு. பாலத்துல நின்னு ஆளுகள ஏத்திவிட்டுட்டு இருந்தாரு." அவள் குடத்தைப் பார்த்தாள். "ரெண்டு தடவ கூட்டிட்டு வந்துட்டேன். கேள்வி கேட்டா அழுதுருது. எது அழுகை, எது தண்ணின்னு இவங்களுக்குத் தெரியல. மறுபடி வரச் சொல்றாங்க."

"இன்னிக்குச் சொல்லிரும்" என்றாள் தவமணி.

"உங்க வாய் முகூர்த்தம்."

மூன்று மணிக்குத் தவமணியைக் கூப்பிட்டார்கள். பிரிவு எழுத்தர் மெகருன்னிசா என்ற அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு கோப்பைப் படித்தார். சாட்சியைப் பார்த்ததும் எழுந்து போய், 'புகை பிடிக்கக் கூடாது' என்ற பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சங்கிலிக்கு இருமல் வந்துவிட்டது. காலையிலிருந்து இழுத்த இழுப்பு. பீடியை எட்டிப் பிடித்தவர் முத்துக்குட்டி. அவர் வாழ்நாளில் பீடி தொட்டதில்லை. நிலையத்திலும் அவரை முறையில் சேர்க்கவில்லை. அவர் அதை வாயில் வைத்து இழுத்தார். கண்ணில் நீர் முட்டியது. நுனி சிவந்தது.

"பெயர்?" என்றார் மெகருன்னிசா.

"பருத்திக் கிடங்கு. நாலாம் அடுக்கு" என்றது தீ.

"இறந்தவரைத் தெரியுமா?"

முத்துக்குட்டி இழுத்தார்.

"தெரியும். நான் எந்தப் பக்கம் போனாலும் அங்க நின்னார்."

"அவருடைய பணி நேரம் ஆறு மணிக்கு முடிந்துவிட்டது. இறந்தது ஆறு பத்துக்கு. அந்தப் பத்து நிமிடமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

முத்துக்குட்டி இழுக்காமல் நின்றார். நுனியில் சாம்பல் படர்ந்தது. தவமணி அவர் முழங்கையைத் தொட்டாள். "இழுங்க அண்ணே" என்றாள். அவர் இழுத்தார்.

"மணி எனக்குத் தெரியாது" என்றது தீ. "குழாய் அவர் கையில இருந்துச்சு. பின்னால தெருவுல ஓலை வீடுகள். நான் அங்க போகப் பாத்தேன்."

"கூரை விழுந்த பிறகு?"

"அப்பவும் கையிலதான் இருந்துச்சு. தண்ணி வந்துகிட்டே இருந்துச்சு. அதனாலதான் போக முடியல."

மெகருன்னிசா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, வாய்க்குள் படித்தார். "குழாய் கையில் உள்ளவரை பணியில் உள்ளதாகவே கொள்ளப்படும்" என்று பிறகு சத்தமாகப் படித்தார். அளவுகோலை எடுத்துக் கோப்பில் வைத்தார். சொந்த விருப்பத்தின் பேரில் என்ற வரியின் மேல் சிவப்பு மையால் நேராக ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

தவமணி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொஞ்சமும் வளையாமல் இருந்தது. மூன்று வருடமாகத் தோளைத் தூக்கியே வைத்திருந்திருக்கிறோம் என்பது அது இறங்கியபோதுதான் தெரிந்தது. நல்ல பசி எடுத்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. முத்துக்குட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார். இருமல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அடுத்த மாதத்திலிருந்து வரும்மா. வீட்டையும் காலி பண்ண வேண்டாம்" என்றார் மெகருன்னிசா. படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தீயைப் பார்த்தார். "சாட்சிக்கு ஏதும் காயம் உண்டா?"

முத்துக்குட்டி இழுத்தார்.

"நாலுல மூணு பங்கு கிடங்குலயே போயிருச்சு" என்றது தீ. "மிச்சம் இருந்ததுல முக்காவாசி இன்னிக்குக் காலைல."

"காலையில் நடந்தது நிலையத்துப் பதிவேட்டில் இருக்கும். அதற்குச் சாட்சி வேண்டாம்." அவர் எழுதினார். "கிடங்கில் நடந்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?"

"எரிஞ்சிட்டிருந்தேன்."

"அப்படியானால் பணியில்தான். மனு கொடுக்கலாம்." இழுப்பறையிலிருந்து ஒரு இளநீலத் தாளை எடுத்தார். "அணைத்தது யார்?"

"அவர்தான்."

மெகருன்னிசா நீலத்தாளில் பரமகுரு என்று எழுதினார். பதவி, நிலையம், முகவரி எல்லாவற்றையும் கோப்பைப் பார்த்து நிரப்பினார். "அணைத்தவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். வருகிற புதன்கிழமை, பதினொரு மணி. சீருடையில் வரச் சொல்லுங்கள்." தாளை மடித்துத் தவமணியிடம் நீட்டினார். "வீட்டு முகவரிதான் போட்டிருக்கிறது. கொடுத்துவிடுவீர்களா, தபாலில் அனுப்பவா?"

"நானே குடுத்துர்றேன்" என்றாள் தவமணி. தாளைப் பைக்குள் வைத்தாள்.

வெளியே வந்தபோது பெஞ்சிலிருந்த குடத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றி, அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நால்வருமாக, தீயையும் சேர்த்து ஐவருமாக, எதிர்க் கடையில் பரோட்டா சாப்பிட்டார்கள். ஜெரால்டு ஒரு பீடி, சங்கிலி ஒரு பீடி என்று அது அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். முத்துக்குட்டி ஐந்து பரோட்டா சாப்பிட்டார். "இத்தன நாளு எங்கவே வச்சிருந்தீரு இந்த வயித்த?" என்றார் சங்கிலி.

சாயங்காலம் சங்கிலி பெட்டியைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, புதுச் சிரட்டைக் கரி அடுக்கினார். தேறியிருந்த தீயைப் பீடியோடு நடுவில் வைத்து விசிறினார். முதலில் புகைந்தது. பிறகு ஒரு கரி பிடித்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அவர் பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டார்.

தவமணி வீட்டுக்குப் போய்த் துணிப் பெட்டியின் அடியிலிருந்து காக்கிச் சட்டையையும் கால்சட்டையையும் எடுத்தாள். மூன்று வருடம் மடிந்தே கிடந்ததில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஒரு பொத்தான் தொங்கியது. அதைத் தைத்துவிட்டு, தெருமுனைக்குக் கொண்டுவந்து வண்டிப் பலகையில் வைத்தாள்.

"எப்ப வேணும் தாயி?"

"புதன்கிழமை காலைல. பத்து மணிக்குக் கிளம்பிருவாரு."

சங்கிலி சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். "கையில ஒத்த மடிப்புத்தானே?"

"ஆமா. ரெட்டையா விழுந்தா போட மாட்டாரு."

சங்கிலி பெட்டியை எடுத்துக் காலரிலிருந்து ஆரம்பித்தார். காலருக்குச் சூடு அதிகம் கூடாது. தீ தானாகவே கொஞ்சம் தணிந்துகொண்டது.